அரங்கு துறந்த இசைஞர்

கச்சேரி என்பது பாடுவோரும் கேட்போரும் கூடி ஆக்கும் ஒன்று என்றே நாம் வழிவழியாகக் கருதி வந்துள்ளோம். வித்துவான் ஒரு ராகத்தைத் தொட்டதும் முன்வரிசையில் ஒருவர் தலையசைக்கிறார். அவ்வசைவு மேடைக்குச் சென்று அடுத்த பிடியாகத் திரும்பி வருகிறது. கூட்டம் சலசலத்தால் ஆலாபனை சுருங்குகிறது. கூட்டம் ஒன்றிவிட்டால் நிரவல் விரிகிறது. இங்ஙனம் அவையைப் பாதி ஆசிரியனாகவே எண்ணிப் பழகிய நமக்கு, அவையை அறவே ஒதுக்கிவிட்டும் இசையை வளர்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் அது விந்தையாகவே தோன்றும். சொன்னவர் கேட்பாரற்றுப் போன ஒருவராயின் புன்னகையோடு கடந்துவிடலாம். ஆனால் அதனைச் சொன்னவரும், சொன்னபடியே செய்து காட்டியவரும் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவராகிய கனடா நாட்டுக் கிளென் கூல்ட் ஆவார். 1964 ஏப்ரல் 10ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அரங்கொன்றில் வாசித்துவிட்டு எழுந்தவர், பின்னர் வாழ்நாள் முழுவதும் பொதுமேடையில் கச்சேரி செய்யவில்லை. அப்போது அவருக்கு வயது 31. இதுவே கடைசிக் கச்சேரி என்ற அறிவிப்பு ஏதும் அன்று இல்லை.

இதனை மேனாட்டுக் கலைஞர் ஒருவரின் விசித்திரம் என்று நாம் தள்ளிவிட இயலாது. சொந்த ஊரையும் அங்குள்ள சபாக்களையும் விட்டு வெகுதொலைவில் குடியமர்ந்த குடும்பங்களுக்கு இசை பெரும்பாலும் இயந்திரத்தின் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. வானொலிப் பெட்டி, இசைத்தட்டு, ஊருக்குப் போய் வருவோர் பெட்டிக்குள் துணிமணிகளுக்கிடையே பத்திரமாகக் கொண்டுவந்த ஒலிநாடா ஆகியவையே பல்லாண்டுகள் நம் மார்கழி. “என்ன இருந்தாலும் நேரில் கேட்பதுபோல் ஆகுமா? இது வெறும் எதிரொலிதானே!” என்று ஊரிலிருந்து வந்த பெரியவர் கேட்கையில் நாம் மறுமொழியின்றி இருந்திருக்கிறோம். கூல்டின் வாழ்வோ, அந்த எதிரொலியைத்தான் மூலமாகக் கொள்ள வேண்டும் என்று வாதாடிய வாழ்வு. அவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே முறியும் என்பதைச் சற்றே ஆராய விழைகின்றோம்.

கூல்ட் 1932 செப்டம்பர் 25ஆம் நாள் டொராண்டோ நகரில் பிறந்தார். தந்தையார் மென்மயிர் ஆடை வணிகர். தாயாரே முதல் ஆசிரியை. பத்து வயது வரை அவரிடமே பயிற்சி நடந்தது. கட்டைகளை அழுத்துமுன் ஸ்வரத்தைப் பாட வேண்டும் என்று அந்த அம்மையார் பழக்கியதாகச் சொல்வர். மகன் வாழ்நாள் முழுவதும் வாசிக்கும்போது வாய்க்குள் முனகிக்கொண்டே இருந்ததற்கு இதுவே வித்து எனலாம். அடுத்து அமைந்த ஆசிரியர் சிலி நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்து குடியேறிய ஆல்பெர்டோ கெரேரோ. இவரிடம் கற்ற பாடத்தில் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. பியானோ வாசிப்போர் பலர் உயரமான இருக்கையில் அமர்ந்து, தோளின் எடையைக் கையின் வழியே கட்டைகளின்மேல் இறக்குவர். கெரேரோவின் மாணாக்கரோ தாழ அமர்ந்து, விரல்களின் வலிமையை மட்டுமே கொண்டு வாசிக்கப் பழகினார். மகனுக்கு ஏற்றபடி மடக்கு நாற்காலி ஒன்றின் கால்களைத் தந்தையார் அறுத்துக் கொடுத்தார். தரையிலிருந்து 14 அங்குலமே உயரமுள்ள அந்த நாற்காலியைக் கூல்ட் உலகெங்கும் தூக்கிச் சென்றார். இருக்கைப் பகுதி நைந்து வெறும் சட்டமாக நின்ற பிறகும் அவர் அதனைக் கைவிடவில்லை.

செய்தித்தாள்கள் இந்த நாற்காலியையும், கோடையிலும் அவர் அணிந்த மேற்கோட்டையும், கையுறைகளையும், வாசிக்குமுன் வெந்நீரில் கைகளை ஊறவைத்த வழக்கத்தையும் பற்றி எழுதியது கொஞ்சமன்று. அவற்றை ஈண்டு விரிப்பதில் பயனில்லை. நாற்காலி ஒன்றே பொருட்படுத்தத் தக்கது. ஏனெனில் அவர் எதை வாசிக்க வல்லவர், எதை வாசிக்க மாட்டார் என்பதை அதுவே பெரிதும் தீர்மானித்தது. அவ்வளவு தாழ அமர்ந்தால் இடிமுழக்கம் எழுப்ப முடியாது. லிஸ்ட் போன்றோரின் இசை வேண்டும் பேரொலி கிட்டாது. மாறாக, ஒவ்வொரு ஸ்வரமும் மற்றொன்றோடு ஒட்டாமல் நெல்மணிபோல் தனித்து விழும். ஒரே சமயத்தில் மூன்று குரல்கள் பின்னிச் செல்லும்போது நடுக்குரல்கூடத் தன் வழியில் தெளிவாக நடப்பது கேட்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானிய மேதை பாக் இயற்றிய இசைக்கு வேண்டுவது இதுவே.

1955 ஜனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் 22 வயது இளைஞராக அவர் அமர்ந்தபோது அவையினர் அதிகம் இல்லை. புதிய கலைஞர் எவரும் அவ்வூரில் முதன்முதலாக வாசிக்கத் துணியாத உருப்படிகளையே அவர் தெரிந்தெடுத்திருந்தார். பதினாறு பதினேழாம் நூற்றாண்டுகளின் ஸ்வீலிங்கும் கிப்பன்ஸும் ஒருபுறம். இருபதாம் நூற்றாண்டின் பெர்கும் வெபர்னும் மறுபுறம். இடையே பாக், பேத்தோவன். கூட்டத்தைக் கவரும் ஷோபான் ஒரு துளியும் இல்லை. மறுநாளே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. என்ன பதிவு செய்யலாம் என்று கேட்டபோது அவர் சொன்ன பெயர் பாக் இயற்றி 1741இல் வெளியான ‘கோல்ட்பெர்க் மாறுபாடுகள்’. அது ஹார்ப்சிகார்ட் என்னும் பழைய கருவிக்கு உரியது, கற்றோர் மட்டுமே கேட்பது என்று நிறுவனத்தார் தயங்கியதாகச் சொல்வர்.

இந்த உருப்படியின் அமைப்பைச் சிறிது சொல்லாமல் மேற்செல்ல முடியாது. தொடக்கத்தில் ‘ஏரியா’ என்னும் அமைதியான ஒரு பாட்டு வருகிறது. அதன் அடியில் ஓடும் கீழ்ஸ்தாயி வரிசையையே அடித்தளமாகக் கொண்டு 30 மாறுபாடுகள் எழுகின்றன. இறுதியில் அதே ஏரியா மாற்றமின்றித் திரும்புகிறது. நம்மவர் ஒரு பல்லவி வரியை வைத்துக்கொண்டு அதன்மேல் கட்டிடம் எழுப்புவதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே எல்லாம் எழுதி வைக்கப்பட்டது. ஒவ்வொரு மூன்றாம் மாறுபாடும் ‘கானன்’ வகையைச் சேர்ந்தது. அதாவது ஒரு குரல் முன்செல்ல, மற்றொரு குரல் சற்றே பின்தங்கி அதே வரியை அடியொற்றிப் பாடும். முதற் கானனில் இரு குரல்களும் ஒரே ஸ்வரத்தில் தொடங்குகின்றன. அடுத்ததில் ஒரு ஸ்வரம் தள்ளி. இவ்வாறு இடைவெளி படிப்படியாக அகன்று செல்கிறது. இவ்வளவு கணக்கும் கேட்பவரை வருத்தாமல் உள்ளே மறைந்து நிற்பதே பாக்கின் பெருமை.

1955 ஜூனில் நியூயார்க்கில் நான்கு நாட்களில் பதிவாகி 1956 ஜனவரியில் வெளிவந்த இத்தட்டு கூல்டை உலகறியச் செய்தது. திருப்பி வாசிக்க வேண்டிய பகுதிகளை எல்லாம் விட்டுவிட்டு, ஏறத்தாழ 38 நிமிடங்களில் ஓடி முடிகிறது. அதில் உள்ள மகிழ்ச்சி இன்றும் வாடவில்லை. விரல்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடுகின்றன. கற்றோர் கருவூலம் எனப் பூட்டி வைத்திருந்த அறையின் சன்னல்களை ஒரு சிறுவன் வந்து திறந்துவிட்டதுபோல் இருந்தது.

இதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மேடை வாழ்க்கை. 1957 மே மாதம் சோவியத் நாட்டுக்குச் சென்றார். மாஸ்கோவில் முதல் கச்சேரியின் முற்பாதியில் அரங்கு நிறையவில்லை. இடைவேளையில் கேட்டவர்கள் நண்பர்களுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்ல, பிற்பாதியில் இருக்கைகள் நிரம்பி வழிந்தனவாம். அக்காலத்தில் அந்நாட்டு அரசின் ஆதரவு பெறாத ஷோன்பெர்க் வழியினரின் புத்திசையை மாணவர்களுக்கு அவர் விளக்கி வாசித்தபோது சில பேராசிரியர்கள் எழுந்து சென்றனர் என்றும் அறிகிறோம். 1962 ஏப்ரலில் நியூயார்க்கில் வேறொரு வகையான நிகழ்ச்சி. பிராம்ஸின் முதற் பியானோ கான்செர்டோவைக் கூல்ட் மிக விளம்பமாக எடுக்க விரும்பினார். வாத்தியக் குழுவை நடத்திய லெனார்ட் பெர்ன்ஸ்டைன், வாசிப்புக்கு முன்பே அவையை நோக்கி, இந்தக் காலப்பிரமாணத்தில் தமக்கு உடன்பாடில்லை என்றும், கலைஞர்மீது உள்ள மதிப்பினால் துணைநிற்பதாகவும் பேசினார். இதனைச் சிலர் அவமதிப்பு என்றனர். கூல்ட் அதனைப் பொருட்படுத்தவில்லை. இருவர் கருத்து வேறுபட்டும் ஒரு காரியத்தை ஒன்றாகச் செய்து முடித்தனர் என்பதே நமக்குத் தோன்றுகிறது.

இந்தப் புகழுக்கிடையே மேடை அவருக்குக் கசந்துகொண்டே வந்தது. அவையினர் அரங்குக்கு வருவது இசை கேட்க மட்டுமன்று, கலைஞர் எங்கே தடுக்கி விழுவார் என்று பார்க்கவுமே என்று அவர் நம்பினார். காளைப் போரைக் காணக் கூடும் கூட்டத்துக்கும் அதற்கும் வேறுபாடு அவருக்குத் தெரியவில்லை. கைதட்டலைத் தடைசெய்ய வேண்டும் என்று 1962இல் ஒரு கட்டுரையே எழுதினார். எழுத்தில் குறும்பு உண்டு. கருத்தில் விளையாட்டு இல்லை. கலையின் பயன் ஒருகணத்துப் பரபரப்பன்று, வாழ்நாளெல்லாம் சிறிது சிறிதாக ஒருவன் தன்னுள் கட்டியெழுப்பும் வியப்பும் அமைதியுமே என்பது அக்கட்டுரையின் உட்பொருள். ஊர் ஊராகச் செல்லும் கலைஞன் கோழையாகிறான் என்பதும் அவர் குற்றச்சாட்டு. நேற்று எடுபட்ட உருப்படியையே இன்றும் வாசிக்கிறான். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக நுட்பங்களைப் பெரிதாக்கிக் கெடுக்கிறான். இவ்வாறு தம் பாக் வாசிப்பே கெட்டுப்போனதை அவர் சுட்டிக்காட்டியுள்ளார். நம் சபாக்களைப் பற்றியும் இதே முறையீட்டை மூத்த வித்துவான்கள் வாயால் நாம் கேட்டதில்லையா?

மேடையை விட்ட பின் அவர் பணிமனையாகக் கொண்டது ஒலிப்பதிவுக் கூடம். அங்கே என்ன செய்தார் என்பதற்கு 1966இல் ஒலிப்பதிவின் எதிர்காலம் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் அவரே ஒரு சான்று தருகிறார். பாக்கின் ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதற்பகுதியில் ஏ மைனரில் அமைந்த ஒரு ‘ஃபியூக்’ உண்டு. ஃபியூக் என்பது ஒரு கருவரியை ஒவ்வொரு குரலும் முறைவைத்து ஏந்திவரும் பின்னல் வகை. அதனை அவர் எட்டுமுறை வாசித்துப் பதிவு செய்தார். ஆறாவதும் எட்டாவதும் பிழையற்றவை. ஆயினும் சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது இரண்டுமே சலிப்பூட்டின. ஆறாவது வாசிப்பு கம்பீரமாய், சற்றே விறைப்பாய் இருந்தது. எட்டாவது துள்ளலாய், ஆனால் அடக்கமின்றி இருந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலப்பிரமாணம். எனவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதை வைத்து, நடுப்பகுதிக்கு எட்டாவதை வெட்டி ஒட்டினார். கூடத்தில் அமர்ந்து வாசித்தபோது அவர் மனத்தில் இல்லாத ஒரு வடிவம், வாரங்கள் கழித்துக் கத்தரியால் பிறந்தது.

இது ஏமாற்று என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கவிஞன் ஒரு வரியை எழுதி, அடித்து, மறுநாள் வேறு வரி எழுதுகிறான். சிற்பி முந்தைய உளித்தடத்தைத் தேய்த்து மறைக்கிறான். அவர்களை நாம் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. வாசிப்போனுக்கு மட்டும் ஒரே ஒரு முறைதான், அதுவும் ஆயிரம் கண்கள் பார்க்க, என்று விதித்தது யார்? இந்த அளவில் கூல்டின் வாதம் வலியதே. ஆனால் இங்கேயே அதன் எல்லையும் தெரிகிறது. அவர் வாசித்தது முன்பே எழுதி முடிக்கப்பட்ட இசை. ஸ்வரம் ஒவ்வொன்றும் தாளில் உள்ளது. வாசிப்போன் தேடுவது அதன் சரியான உருவை. நம் இசையில் கல்பனாஸ்வரமும் நிரவலும் அந்த நாழிகையில், அந்த அவையின்முன் பிறப்பவை. அவற்றை எட்டுமுறை பதிவு செய்தால் எட்டு வெவ்வேறு இசைகள் கிடைக்கும். ஒன்றின் தலையை மற்றொன்றின் உடலோடு ஒட்ட வழியில்லை. ஆகவே தம் இசைக்குப் பொருந்திய ஒன்றைக் கூல்ட் எல்லா இசைக்கும் விதியாக்கிவிட்டார் என்பது நம் முதல் தடை. கச்சேரி என்னும் வழக்கமே இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்துவிடும் என்று அவர் முன்னுரைத்தார். அது நடக்கவில்லை.

நம்மிடையேயும் அவையைச் சுருக்கிக்கொண்ட மேதையர் இருந்தனர். 1938இல் மறைந்த வீணை தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். அங்கே இருமல் ஒலிக்கும் இடமில்லை என்பர் கேட்டவர்கள். அவரும் நகத்தால் மெல்ல மீட்டி, கூடவே தாழ்ந்த குரலில் பாடுவார். கூல்டின் முனகலைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்த அறையைப் பற்றிய வருணனைகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தனம்மாள் கதவை மூடியது அறைக்குள் சிலர் அமர்ந்த பின்னரே.

எதிர்ப்புறத்தில் வைத்துப் பார்க்கத் தக்க மற்றொரு பியானோ கலைஞர் லண்டனின் மைரா ஹெஸ் அம்மையார். 1939இல் போர் மூண்டதும் லண்டன் அரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக் கூடத்திலிருந்த ஓவியங்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு, சுவர்கள் வெறுமையாய் நின்றன. அந்தக் கூடத்தில் நண்பகல் கச்சேரிகள் நடத்த அம்மையார் முன்வந்தார். 1939 அக்டோபர் 10 முதல் 1946 ஏப்ரல் 10 வரை, வாரத்தின் ஐந்து வேலை நாட்களும், 1,698 கச்சேரிகள். கட்டணம் ஒரு ஷில்லிங். கேட்டவர் எட்டு லட்சத்துக்கும் மேல். குண்டு விழுந்த நாட்களில் கச்சேரி கீழ்த்தளக் காப்பிடத்துக்கு மாறியது, நிற்கவில்லை. குண்டுபோடும் நாட்டவரான பாக்கையும் பேத்தோவனையுமே அம்மையார் அங்கு வாசித்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பேத்தோவனின் ‘அப்பாஸியோனாட்டா’வை அவர் அங்கே வாசிக்கும் காட்சி 1945இல் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் எடுத்த ‘எ டைரி ஃபார் திமோதி’ என்ற படத்தில் பதிவாகியுள்ளது. அந்த முகங்களில் கலைஞர் தடுக்கி விழுவதைக் காணும் ஆவல் எங்கும் இல்லை. அவை என்றாலே காளைப் போர்க் கூட்டம் என்ற கூல்டின் கூற்றுக்கு இதைவிட நல்ல மறுப்பை நாம் அறியோம்.

அதே அப்பாஸியோனாட்டாவைக் கூல்ட் 1967இல் பதிவு செய்தார். அதைக் கேட்டால் அவர் இழந்தது என்ன என்பது விளங்கும். அந்தப் படைப்பின்மீது தமக்கு மதிப்பில்லை என்பதை உணர்த்துவதற்கென்றே வாசித்ததுபோல் முதற்பகுதியை இழுத்து இழுத்து நிறுத்துகிறார். மொட்ஸார்ட்டின் பியானோ சொனாட்டாக்கள் முழுவதையும் பல ஆண்டுகள் செலவிட்டுப் பதிவு செய்தவரும் இவரே. மொட்ஸார்ட் இளமையில் மாண்டார் என்பதைவிட மிகத் தாமதமாக மாண்டார் எனலாம் என்று சொன்னவரும் இவரே. அத்தொகுதியில் சிலவற்றைக் கேட்கையில், பிடிக்காத பாடத்தைக் கேலிக்குரலில் ஒப்பிக்கும் புத்திசாலி மாணவன் நினைவுக்கு வருகிறான். அரங்கில் ஐந்நூறு பேர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? எவரேனும் நெளிந்திருப்பர்; எவரேனும் எழுந்து சென்றிருப்பர்; அந்தச் சிறு அசைவே ஒரு தடையாய் நின்றிருக்கும். நல்ல அவை ஊக்குவது மட்டுமன்று, கலைஞனை அவனுடைய பிடிவாதத்திலிருந்து காப்பதும் உண்டு. கூல்டுக்கு அந்தக் காவல் இல்லை.

தனிமை அவருக்குக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். கனடாவின் வானொலிக்காக அவர் மூன்று நிகழ்ச்சிகளை உருவாக்கினார். 1967இல் ஒலிபரப்பான ‘வடக்கு என்னும் எண்ணம்’ பனிநாட்டில் வாழ்ந்தோரின் பேச்சுகளால் ஆனது. அடுத்தது நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் ஒதுங்கிய மீனவச் சிற்றூர் மக்களைப் பற்றியது. மூன்றாவது, உலக வழக்கிலிருந்து விலகி வாழும் மென்னோனைட் சமயத்தாரைப் பற்றியது. இவற்றில் ஒருவர் பேசும்போதே இன்னொருவர் பேசத் தொடங்குவார், பிறகு மூன்றாமவர். முதலில் நமக்கு எரிச்சல் தோன்றும். சற்றுப் பொறுத்துக் கேட்டால், இது பாக்கின் ஃபியூக்கையே மனிதர் பேச்சால் கட்டியது என்பது புலனாகும். மூன்றும் ஒதுங்கி வாழ்வோரைப் பற்றியவை என்பதும் தற்செயலன்று. மேடையை விட்ட மனிதர், மனிதரை விட்டுவிடவில்லை. நள்ளிரவுக்குப் பின் நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்து மணிக்கணக்காகப் பேசுவது அவர் வழக்கம். அருகில் ஆள் இருந்தால் தடுமாறுபவர், கம்பியின் மறுமுனையில் ஆள் இருந்தால் நெருங்கிப் பேசுவார். இத்தகைய இயல்பு ஊரைவிட்டு வந்த நமக்குப் புரியாததன்று.

கேட்போரைப் பற்றி அவர் எழுதியவற்றுள் நமக்கு மிகவும் உகந்த ஒன்று உண்டு. வீட்டில் அமர்ந்து தட்டைச் சுழலவிட்டு, ஒலியைக் கூட்டிக் குறைத்து, பிடித்த பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்பவரை அவர் இரண்டாந்தரக் கேட்பவராக எண்ணவில்லை. அவரே புதிய ரசிகர். கருவியின் திருகைத் தொடும் கையால் அவரும் இசையில் பங்கு கொள்கிறார் என்றார். கச்சேரியில் ஒருமுறை செவியை உரசிச் செல்லும் சங்கதியை, ஒலிநாடாவை நூறுமுறை பின்சுழற்றிக் கேட்டே கற்றுக்கொண்ட பிள்ளைகள் நம் குடும்பங்களில் உண்டு. ஊர்ப் பெரியவருக்கு நாம் சொல்லத் தெரியாமல் நின்ற மறுமொழியில் ஒரு பகுதி இது. 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களில் வைத்த பொன்முலாம் பூசிய இசைத்தட்டிலும் கூல்ட் வாசித்த பாக் ஒன்று இடம் பெற்றுள்ளது. நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் அதே தட்டில் உள்ளது. கேட்பவர் எவரென்றே அறியாமல் வாசித்தவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடைத்திராது.

இனி 1981ஆம் ஆண்டுக்கு வருவோம். ஒரு முறை பதிவு செய்ததை மறுமுறை பதிவு செய்யும் வழக்கம் கூல்டிடம் மிக அரிது. அவ்வாண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும், 26 ஆண்டுகளுக்கு முன் வாசித்த அதே நியூயார்க் கூடத்தில், கோல்ட்பெர்க் மாறுபாடுகளை அவர் மீண்டும் வாசித்தார். நெடுங்காலம் துணையிருந்த ஸ்டைன்வே பியானோ 1971இல் வண்டிப் பயணத்தில் விழுந்து சிதைந்து, பின் பழைய நிலைக்கு வரவேயில்லை. எனவே இம்முறை யமஹா. புரூனோ மான்சைன்ஷான் என்ற பிரெஞ்சு இயக்குநர் அதனைப் படமாகவும் எடுத்தார். ஒலியோடு தம் கையும் முகமும் காணப்பட அவர் இசைந்தார். அவையை ஒருவாறு திரும்ப அழைத்துக்கொண்டார் என்றே நாம் இதனைக் கொள்வோம்.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல கல்வி. முன்னதில் ஏரியா இரண்டு நிமிடங்களுக்குள் முடிகிறது. பின்னதில் மூன்று நிமிடங்களுக்கு மேல் செல்கிறது. மொத்தமும் 38 நிமிடங்களிலிருந்து 51 ஆக நீள்கிறது. முன்னதில் ஒவ்வொரு மாறுபாடும் தன்னளவில் ஓர் உயிராய்த் துள்ளுகிறது. ஆனால் முப்பதும் முப்பது தனி ஊர்கள். பின்னதில் ஒன்றின் காலப்பிரமாணத்துக்கும் அடுத்ததன் காலப்பிரமாணத்துக்கும் ஒரு கணக்கு வைத்து, முழுவதையும் ஒரே நாடித்துடிப்பில் கோத்துவிட்டார். களையை மாற்றினாலும் தாளம் மாறாமல் காக்கும் நம் பல்லவிக்காரர்களின் ஒழுங்கு இது. ஆழ்ந்த துயரம் தோய்ந்த 25ஆம் மாறுபாட்டில் மட்டும் வேறு விதம். எல்லாம் மெதுவாகிய இப்பதிவில் அது முன்னைவிடச் சற்றே விரைகிறது. இளமையில் அதனை உருக்கமாக இழைத்து வாசித்ததை, ஷோபானின் இரவுப்பாட்டுப்போல் ஆக்கிவிட்டேன் என்று அவரே பின்னாளில் குறைகூறினார். 48 வயதில் துயரத்தைத் துயரமென்று சொல்லிக் காட்டாமல் வாசிக்கிறார். அது நம்மை இன்னும் ஆழமாகத் தாக்குகிறது. இளமைப் பதிவின் குதூகலம் போனதற்கு வருந்துவோர் இருப்பர். நாமும் ஐந்தாம் மாறுபாட்டுக்கு முன்னதையே நாடுவோம். ஆனால் முழுமையான ஒரு படைப்பாகக் கேட்க நேரின் பின்னதே மேல் என்பது நம் துணிபு. பதினேழு ஆண்டுகள் அவையின்றி இருந்த ஒருவரால்தான் இத்தகைய அமைதியை எட்ட முடிந்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தப் படைப்பின் முடிவில் ஒரு செய்தி உண்டு. 27 வரை மூன்றுக்கு ஒன்றாய் வந்த கானன் 30ஆம் இடத்தில் வருவதில்லை. அங்கே பாக் தம் காலத்து நாட்டுப்பாடல்களை ஒன்றோடொன்று பின்னிக் களிப்பான ஒரு கலவை செய்கிறார். அவற்றுள் ஒன்று, உன்னைப் பிரிந்து நெடுநாளாயிற்றே என்ற கருத்துடையது. மற்றொன்று, வீட்டில் நாளும் கோசும் கிழங்குமாய்ச் சமைத்ததனால் வெளியேறிப் போனவனின் வேடிக்கைப் புலம்பல். ஊர் ஊராய்ப் பிரிந்து பிழைத்த பாக் குடும்பத்து இசைவாணர்கள் ஆண்டுக்கொருமுறை கூடும்போது இவ்வாறு பாடல்களைக் கலந்து பாடிச் சிரிப்பர் என்று 1802இல் ஃபோர்கெல் எழுதிய பாக் வரலாறு கூறுகிறது. 1955இல் கூல்ட் இந்தப் பகுதியை ஒரு நிமிடத்துக்குள் ஓடிக் கடந்தார். 1981இல் நிதானமாக, அகன்ற ஒலியில், ஒவ்வொரு குரலையும் வரவேற்று அமர்த்துவதுபோல் வாசிக்கிறார். அடியில் அவர் முனகல் தெளிவாகக் கேட்கிறது. ஒலிப்பதிவாளர்கள் எத்தனையோ உபாயம் செய்தும் நீக்க முடியாமல் போன முனகல் அது. எட்டு வாசிப்புகளை வெட்டி ஒட்டிப் பிழையின்மையைத் தேடியவர், இந்த ஒரு பிழையை மட்டும் இறுதிவரை விடமுடியாமல் வைத்திருந்தார்.

பிறகு ஏரியா திரும்ப வருகிறது. இத்தட்டு 1982 செப்டம்பரில் வெளியாயிற்று. தம் 50ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்துக் கூல்டுக்கு மூளையில் இரத்தம் உறைந்து பக்கவாதம் கண்டது. அக்டோபர் 4ஆம் நாள் டொராண்டோவில் உயிர் நீத்தார். அந்நகரத்து மவுண்ட் பிளசண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயர் பொறித்த கல்லில் அந்த ஏரியாவின் முதற் சில ஸ்வரங்களும் பொறிக்கப்பட்டுள்ளன.